இரண்டு கையாலும்

புதன்கிழமைதான் மூட்டு டாக்டர் வருவார்.
வந்தால் வருவார்.
போன புதன் ஏதோ முகாம் என்று ராயக்கோட்டைப் பக்கம் போய்விட்டார்.
அதற்கு முந்தின புதன் வந்தார்,
என் சீட்டு நூற்றுப் பதினேழு,
நூற்றுப் பத்தோடு எழுந்து போனார்.

இந்தப் புதன்
விடியாத நாலரைக்கே கெம்பம்மா
தன் இடது செருப்பை வரிசையில் விட்டுவிட்டு
ஒற்றைக்காலில் சூடான தரையைத் தாண்டுகிறவள் போல
தத்தித் தத்தி வந்தாள்.
வலது செருப்பு பைக்குள்.
"ஜோடியா விட்டா எவனாவது போட்டுக்கிட்டுப் போவான்.
அது உனக்காக நிக்குது, நீ உக்காரு."

ஆறு வருஷமாய் நாங்கள் நாலு பேர்
மாம்பழக்கூழ் கம்பெனியில் ஒரே மேசை.
பெங்களூரா வரும் மாதங்களில்
எத்தனை பழம் அறுத்தேன் என்று எண்ணியதில்லை.
சீசன் முடிந்தால் தக்காளி, அதையும் எண்ணியதில்லை.
இப்போது எண்ணுகிறேன்
ஒரு பொத்தான் போட எத்தனை நிமிஷம்.

முதல் டாக்டர் "வயசாகுதில்ல" என்றார்.
எனக்கு நாற்பத்தொன்று.
இன்னொருவர் தண்ணீர்தான் காரணம் என்றார்.
எங்கள் தெருவே அந்தத் தண்ணீர்தானே குடிக்கிறது
என்று கேட்க நினைத்து
பஸ் ஏறியபிறகு கேட்டேன், ஜன்னலிடம்.
சேலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை
பழசு என்று திரும்பி வந்தது, ஆயிரத்து எண்ணூறு.
ஒருவர் என் முகத்தையே பார்க்காமல்
"வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார்.
வீட்டில் இல்லை சார், விரலில்.

ஷமீம் முடக்கத்தான் கீரை கொண்டுவந்தாள்.
அடுத்த வாரம் ஒரு எண்ணெய்.
அடுத்த வாரம் பர்கூரில் யாரோ வைத்தியரின் முகவரி.
நாலாவது வாரம் கத்திவிட்டேன்,
மேசை மொத்தமும் கத்தியை நிறுத்தும்படி.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் சாப்பாட்டு வேளையில்
என் டிபன் மூடியைத் திருகித் திறந்து
முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.
அன்றிலிருந்து தினமும் திறக்கிறாள்.
கீரையைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.
இன்று அவளுக்கு லீவு தரவில்லை,
என் கூடையையும் சேர்த்து அறுத்துக்கொண்டிருப்பாள்.

பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள்.
"கூட ஒருத்தர்தான்."
"நான் அக்கா" என்று நுழைந்தாள் முனிரத்தினா,
என்னைவிட ஏழு வயது சின்னவள்.

டாக்டர் சின்னப் பையன்,
ராத்திரி டியூட்டி கண்ணிலேயே இருந்தது.
"எப்பலேர்ந்து?"
"ரொம்ப நாளா."
"ரொம்ப நாளான்னா?"
எல்லா டாக்டரிடமும் அங்கேதான் நான் நின்றுபோவேன்.
வலிக்கு யார் தேதி குறித்துவைக்கிறார்கள்?

"போன வருஷம் பங்குனி சார்"
என்றாள் முனிரத்தினா.
"டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிக்க ஆரம்பிச்சா.
ஆடியில கத்தியை இடது கைக்கு மாத்தினா.
ஐப்பசியிலேர்ந்து பஸ்ல கம்பியைப் பிடிக்கறதில்ல,
முழங்கையை மாட்டிக்கிறா.
காலையில ஒன்பது மணி வரைக்கும் யாருக்கும் வணக்கம் கிடையாது,
விரல் நிமிராது.
திமிருன்னு நெனச்சோம் சார்,
ஒரு ரெண்டு மாசம்."

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் டாக்டரின் பேனாவைப் பார்த்தாள்,
அது எழுதிக்கொண்டிருந்தது.
பிறகு அவர் என் விரல்களை வாங்கி
கணுக் கணுவாக அழுத்தினார்,
பழுத்ததா என்று நாங்கள் பழத்தை அழுத்துவதுபோல.
ஒன்றரை வருஷத்தில் முதல்முறை.

பெயர் எதுவும் சொல்லவில்லை.
மறுபடி ரத்தம். மறுபடி படம்.
படம் எடுக்கிற மெஷின் ரிப்பேர், திங்கள் வாங்க.
அடுத்த புதன் அரசு விடுமுறை,
அதற்கடுத்த புதன்.

வெளியே கெம்பம்மா குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.
இடது செருப்பைக் காணோம்.
"ஒத்தைச் செருப்பை எவன்டீ எடுப்பான்?"
"ஒத்தைக் கால்காரன்" என்றாள் முனிரத்தினா.
நாங்கள் சிரித்த சிரிப்புக்கு
வாட்ச்மேன் விசில் ஊதினான்.

டீ வந்தது.
இரண்டு கையாலும் பிடித்தேன்.
அவர்கள் இருவரும்
சையத் பாஷா மலையை
அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்கள்போல்
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.